சி.ஆர்.பி. முப்பத்தெட்டு

கொட்டாஞ்சேனை,
06.02.2025

அன்பின் றெஜினாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இல்லை, பொய். போனில் கதைத்தால் எல்லாத்துக்கும் "பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிடுவேன் என்றுதானே எழுதச் சொன்னாய். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஷெறினின் மூட்டுவாதத்துக்கு நேற்று இரத்தம் எடுத்தோம். உடம்புக்குள் அழற்சி இருந்தால் ரெண்டு இலக்கம் ஏறுமாம். ஈ.எஸ்.ஆர். என்னைப் போல, ஏறவும் சுணங்கும், இறங்கவும் சுணங்கும். சி.ஆர்.பி. டக்கென்று ஏறி டக்கென்று இறங்கும், உன்னைப் போல. கோபிக்காதே, இந்த உவமானம் டொக்டர் மிஸ்ஸினது இல்லை, என்னுடையது.

"அப்பாவும் குத்தினால்தான் நானும்" என்று எட்டு வயசு மகாராணி அடம். அதே சோதனைக்கு நானும் கையை நீட்டினேன். மயங்கி விழுந்தது யார் என்று கேட்காதே. விசிறினது அவள்.

இன்றைக்கு ரெண்டு உறை தந்தார்கள். மேலே இருந்ததில் "கிறிஸ்ரி" என்று கண்டதும், பிள்ளையின்ரை பேருக்குப் பின்னாலும் என் பேர்தானே, அவளின்ரை என்று பிரித்தேன். மற்றதைப் பிரிக்கவேயில்லை, என் இரத்தத்தில் கொத்துரொட்டியைத் தவிர என்ன இருக்கப்போகுது?

சி.ஆர்.பி. முப்பத்தெட்டு! போனமுறை நாலு. கூடினால் ஊசி மருந்து என்று டொக்டர் முன்னமே சொன்னவ. செவ்வாய்க்கிழமை காட்டவேணும்.

அங்கே வேலைக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப்போறாய் என்றாய். வைக்காதே, வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மயங்கி எழும்பிய,
கிறிஸ்ரி

குவைத்,
08.02.2025

அன்பின் ஷெறின் அப்பாவுக்கு,

முப்பத்தெட்டைப் பார்த்ததிலிருந்து உங்கடை கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். பிள்ளை காலையில் எழும்பி நொண்டுறாளா? முழங்கால் வீங்கியிருக்கா? காய்ச்சலா? என்னைப் பகிடி பண்ண இடம் இருந்திருக்கு, அவள் எப்படி நடக்கிறாள் என்று எழுத ஒரு வரி இல்லை.

புது ஒப்பந்தம் வேண்டாம் என்று வேலை வீட்டு மெடத்திடம் சொல்லிப்போட்டன். மாதக் கடைசியில் வாறன்.

றெஜினா

கொட்டாஞ்சேனை,
11.02.2025

அன்பின் றெஜினாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலால் குதித்து இறங்குகிறாள். முழங்காலில் வீக்கம் இல்லை. ஜம்பட்டா வீதியில் என்னை முந்தி ஓடுகிறாள். அப்பவும் இந்த மடையன் கடதாசியைத்தான் நம்பினான்.

இன்றைக்கு டொக்டர் மிஸ் ரிப்போர்ட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "இந்தப் பிள்ளைக்கு நாற்பத்திமூன்று வயசோ?"

ஷெறின் சிரித்த சிரிப்புக்கு வெளியில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. முப்பத்தெட்டு என்னுடையது. பிரிக்காத உறைக்குள் அவளுடைய சி.ஆர்.பி. மூன்று, ஈ.எஸ்.ஆர். பன்னிரண்டு. அதோடு விடாமல் நீ கேட்ட அதே கேள்விகளைக் கேட்டு, மூட்டு மூட்டாய்ப் பிடித்தும் பார்த்தா. ஊசி தேவையில்லை.

பிறகு என்னை வாயைத் திறக்கச் சொன்னா. கடைவாய்ப் பல்லுக்குக் கீழே சீழாம், முப்பத்தெட்டு அதாலதானாம். ஒரு கிழமையாய் ஒரு பக்கத்தால்தான் சாப்பிட்டனான்.

இதை அனுப்பாமல் விட்டால் நீ வந்திறங்குவாய். ஒரு மணித்தியாலம் அப்படி யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் இல்லாத வருத்தத்தைக் காட்டி உன்னைக் கூப்பிடக் கூடாது. மெடத்திடம் கதைத்துக் கையெழுத்தை வை.

கிறிஸ்ரி

குவைத்,
13.02.2025

ஷெறின் அப்பாவுக்கு,

வாசித்துச் சிரிச்சனான். பிறகு குசினிக்குள் போய் அழுதனான்.

"பிழையான ரிப்போர்ட்தானே, இரு" என்று மெடம் ஒப்பந்தத்தைத் திரும்பவும் நீட்டினா. பேனையையும் எடுத்தனான். ஆனால் இந்த அஞ்சு நாளாய் "வீட்டை போறன், வீட்டை போறன்" என்று எனக்கு நானே சொல்லிப் பழகிப்போட்டன். இனி மாத்த ஏலாது.

இருபத்தெட்டாம் திகதி விடிய வாறன். எயார்போர்ட்டில் பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிற்காதேங்கோ. இறக்கி விடுங்கோ. அவள் ஓடி வாறதை நான் பார்க்கவேணும்.

றெஜினா