முதப்பானையும் அம்மாவின் மாத்திரையும்

24.2 செவ்வாய்

மாசியிலேயே வெயில் இந்தப் போடு. மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் பம்ப் மக்கர். காற்றில் ஈரம் இல்லாமல் நூல் அறுந்தால் எலக்ட்ரீஷியன் எனக்கு ஏச்சு. என்ன நியாயமோ.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கிட்டு நிற்கிறாள்.

"கம்ப்ரஸர் போயிரும்மா."

"போனாப் போகட்டும்ல. கழுத்துல கொள்ளிய வச்ச மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரத்தில் தெப்பமாக வேர்த்து, அப்புறம் குளிருது என்று போர்வை. ஆடியிலிருந்து இப்படி. மாதம் மூன்று நாள் அப்பா கையால் உப்புமா தின்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆடிக்குப் பிறகு உப்புமா இல்லை. அதை வைத்துத்தான் எனக்கே விஷயம் தெரியும்.

அடுப்படியில் டேபிள் ஃபேன் மாட்டினேன். கேஸ் அணைந்துபோச்சு. கழற்றினேன்.

25.2 புதன்

குளத்தூரிலிருந்து பெரியம்மை, அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி, போன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் இந்த வருஷம் முதப்பானை, முதல் பொங்கல் பானை, அம்மாவுக்காம். எங்கள் குடும்பத்தில் முதப்பானைக்கு அடுப்புப் பற்றவைப்பது மாதத் தூரம் நின்ற பொம்பளைதான். இத்தனை வருஷமும் பெரியம்மை. இப்போது முழங்கால் மடங்கவில்லை. அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கே தேங்காய் துருவுகிற வேலை மட்டும்.

போனை வைத்துவிட்டு அம்மா வெறும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷம். அப்புறம் மறுபடி ஃபிரிட்ஜ்.

27.2 வெள்ளி

லீவு போட்டு லேடி டாக்டரிடம். அப்பாவுக்குப் பாத்திரக்கடையில் ஆள் இல்லையாம். பொய். கூச்சம்.

நான் வெளியே உட்காரப் பார்த்தேன். நர்ஸ் விடவில்லை. டாக்டர் கேட்டதுக்கெல்லாம் அம்மா சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"தம்பி எலக்ட்ரிக்கலா? அப்ப லேசாச் சொல்லிரலாம். மூளையில ஒரு தெர்மோஸ்டாட். ஹார்மோன் குறைஞ்சதும் அது ரொம்ப உசாராயிருது. லேசா சூடு கூடுனாலே ஃபுல் கூலிங் போட்டுருது."

இது புரிகிறது. மற்றவர்கள் ஏன் இப்படிச் சொல்வதில்லை.

பிரஷர் சரி, ஸ்கேன் சரி, மார்பில் கட்டி இல்லை. சொந்தத்தில் யாருக்கும் மார்புப் புற்று, காலில் ரத்தக்கட்டு இல்லை. ஹார்மோன் மாத்திரை: குறைந்த அளவு, கொஞ்ச காலம், இடையில் செக்கப். கால் வீங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே வரணும். கர்ப்பப்பை இருப்பதால் ரெண்டு வகை ஹார்மோன். ஒன்று மட்டும் என்றால் உள்தோல் தடித்துவிடும். அட்டை முடிகிற சமயம் தூரம் வரலாம். இதைச் சொன்னபோதும் அம்மா சுவரைத்தான் பார்த்தாள்.

பைக்குக்கு பிரேக் கேபிள். மறக்காதே.

15.3 திங்கள்

ஃபிரிட்ஜ் மூடியே இருக்கு. அம்மா தூங்குகிறாள், அதனால் நாங்களும். சட்டைக் காலர் அழுக்குக்கு என்னை ஏசினாள், சிரித்துக்கொண்டே. எத்தனை நாளாச்சு.

அப்பா கடையிலிருந்து புது வெண்கலப் பானை கொண்டுவந்தார். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இப்பத்தான் கண்ணு தெறந்திருக்கு இவியளுக்கு" என்றாள். புளி போட்டு ரெண்டு தரம் தேய்த்தாள்.

23.3 செவ்வாய்

காலையில் உப்புமா. அப்பா செய்தது.

பானை பரண்மேல் ஏறிவிட்டது.

24.3 புதன்

சண்டை.

"டாக்டர் சொன்னதுதானம்மா. மருந்தால வாரது."

"சொன்னாங்கதான். எனக்கு வராதுன்னு நெனச்சேன்."

"உத்திரத்தன்னிக்கு இருக்காது. கணக்குப் போட்டுட்டேன்."

"சாமிக்கு டைம்டேபிள் காட்டுவியோல? நின்னுபோச்சுன்னு சொல்லிப் பானைய வாங்கிட்டு, இப்பம் நிக்கலன்னா?"

புது அட்டையைத் தொட மாட்டாளாம். டாக்டருக்கு போன் போட்டேன். நிறுத்தினால் ஆபத்தில்லை, உடம்புக் காந்தல் திரும்பும், அவ்வளவுதானாம். நின்று ஒரு வருஷம் ஆகணும்; ஆடி தாண்டினால் தூரம் வராத வேறு வகைக்கு மாற்றலாமாம். ஆடிக்கு நாலு மாதம். உத்திரம் அடுத்த வாரம்.

முட்டாள்தனம் என்று கத்தினேன். தட்டில் இன்னொரு தோசை விழுந்தது. பதில் அதுதான்.

28.3 ஞாயிறு

காந்தல் திரும்பிவிட்டது. கம்ப்ரஸர் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அப்பா காலையிலேயே எங்கேயோ பஸ் ஏறிப் போய், மத்தியானம் கரிசல் புழுதியோடு வந்தார்.

"குளத்தூர் போனேன். மதினிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"எல்லாத்தையும்."

மாத்திரைக் கடையில் அட்டையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற மனுஷர். எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார்? கேட்கத் தைரியமில்லை.

அம்மா: "தம்பட்டம் அடிச்சாச்சா? எட்டயபுரம் வழியாத்தான வந்திய, அங்கனயும் எறங்கி ரெண்டு தட்டு தட்டியிருக்கலாம்லா?"

31.3 புதன்

அப்பாவோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. "உங்கப்பாட்ட கேளு", "உங்கம்மைட்ட சொல்லு". நான் ரிலே சுவிட்ச்.

பெரியம்மையிடமிருந்து சத்தமே இல்லை. பானையும் பரணில்.

வாங்க: வெல்லம், பச்சரிசி, மூணு தேங்காய், ஃபியூஸ் கம்பி.

4.4 ஞாயிறு. உத்திரம்

கோயில். பொட்டல், ஒரு வேம்பு, சுற்றிலும் வெடித்த கரிசல். அம்மா பழக்கத்தில் தேங்காய்த் துருவியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனாள். புதுப் பானை பைக்குள்ளேயே. அப்பாதான் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்.

பெரியம்மை வேம்படியிலிருந்து ஒரு சத்தம்: "ஏட்டி, அங்கன எங்க போற? அடுப்பு இங்கனல்லா இருக்கு."

"அக்கா, அவிய வந்து சொன்னாவல்லா..."

"சொன்னாரு, சொன்னாரு. ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சிட்டு, எங்க தொழுவத்து மாட்டப் பாத்துச் சொன்னாரு. மருந்தால வந்ததுக்கு நீ என்னட்டி செய்வ? எனக்கு நின்ன வருசம் இந்த மாத்திரை இருந்திருந்தா உங்க அத்தானை அகப்பையால அடிச்சிருக்க மாட்டேன். பத்த வையி. நாளைக்கே மாத்திரையத் தின்னு. அடுத்த வருசமும் நீதான்."

பெரியப்பா தலையைத் தடவிக்கொண்டார். அம்மா சிரித்தாள். அழவும் செய்தாள்.

பற்றவைத்தாள். பால் சூடேறுகிற நேரம் பார்த்து அவளுக்கும் ஏறியது. கழுத்து, முகம் எல்லாம் சிவப்பு. அடுப்புச் சூட்டில் சுற்றி நின்ற எல்லாருக்கும் வேர்த்து வடிந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும்.

பொங்கல் வைக்கிற இடத்துப் பக்கம் ஆம்பிளைகள் போவதில்லை. அப்பா போனார். ஓலை விசிறியோடு அவள் பின்னால் நின்று வீச ஆரம்பித்தார். புகை எல்லார் கண்ணிலும்.

"என்ன செய்யுதிய?" அம்மா திரும்பாமலே கேட்டாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் நேரடியாக.

"தீ அணைஞ்சிரும். வீசுதேன்."

பெரியம்மை கண்ணைக் கசக்கிக்கொண்டு: "கொழுந்தனாரே, தீ அந்தப் பக்கம் இருக்கு."

அப்பா நகரவில்லை.