அடைப்புக்குறிக்குள் ஒரு பார்வை

இல்லை, ஆறவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். முடியட்டும்.

நேற்று மதியம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நம் பேட்டிகளை மறுபடி கேட்டேன். பரவை மார்க்கெட், கமிஷன் கடை. தராசில் மூடை விழும் சத்தம். உன் இருமல். பிறகு உன் கேள்வி: "இம்புட்டுக் கடை இருக்கே அக்கா, ஏன் இந்தக் கடைக்கே கொண்டாறீங்க?" கேட்டது கத்தரிக்காய் கொண்டுவந்த ஓர் அக்காவிடம். சாக்கு உரசும் சத்தம். அப்புறம், "அண்ணே பாத்துக்கிருவாக."

அண்ணே என்றது கடைக்காரரை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நமக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு. விளைவித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நம் முன்னால் நிறுத்தியதும் அவர்தான். தோட்டத்திலிருந்து கடைவரை காய் வரும் வழியை அதில் இருப்பவர்களின் வாய்மொழியாகவே அறிவது. அதுதான் நம் ஆய்வு. வாய்மொழியாம்.

ஒலிப்பதிவில் பார்வை விழாது. பேச்சை எழுத்தாக்கும்போது நீதான் அடைப்புக்குறிக்குள் சேர்த்தாய்: (கடைக்காரரைப் பார்க்கிறார். குனிந்து சாக்கின் வாயை இறுக்குகிறார்.)

நம் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், கைடு, அதை அடித்து நீக்கச் சொன்னார். பேச்சுதான் தரவு என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் 'நம்பிக்கை' என்று குறித்தார். வெளியே வந்து படிக்கட்டில் நீ வெடித்தாய்.

"ஏண்டி, டீ வாங்கிக் குடுத்த ஆளு மூஞ்சிக்கு நேரா உக்காந்துக்கிட்டு அவரைப் பத்திச் சொல்லுன்னா எனக்கே நாக்கு எந்திரிக்காது. கடைக்குள்ள கேட்டா கடைதான் பேசும். தோட்டத்துக்குப் போவோம்."

அடுத்த வாரம் போவதாக இருந்தோம். காய்ச்சல் என்றாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆனையூரில் உன் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அதிலேயே போய்விட்டாய். உன் மேலும் கோபம்தான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு யாராவது போவார்களா?

இப்போது கட்டுரை தயார். விவசாயியையும் வியாபாரியையும் பிணைப்பது நம்பிக்கை, இது முதல் முடிவு. ஆதாரம், அந்த அக்காவின் வரி. அடைப்புக்குறி இல்லை. உன் பெயர் கடைசியில், நன்றியில்.

நேற்று மாலை கைடு, கட்டுரையை அனுப்ப என்னிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டார். உன் பெயர் ஏன் மேலே, எழுதியவர்கள் வரிசையில் இல்லை என்றேன். "இல்லாதவங்க எப்படிம்மா சம்மதம் சொல்ல முடியும்?" என்றார். அவ்வளவு தன்மையாக. இருந்தபோது நீ சம்மதிக்கவில்லை என்பது அந்தத் தன்மைக்குள் எங்கோ புதைந்துபோனது.

யார் பேசினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். துறை அறையில், கோரிப்பாளையம் டீக்கடையில், என் வீட்டுக் கூடத்தில்கூட. அது உன் பழக்கம். என்னோடு தங்கிவிட்டது.

கையெழுத்துப் போடவில்லை. இன்று காலை திண்டுக்கல் ரோட்டு பஸ்ஸில் ஏறினேன். மார்க்கெட்டில் இறங்காமல், சமயநல்லூர் தாண்டி இறங்கி, அந்த அக்காவின் தோட்டத்துக்கு நடந்தேன்.