வெள்ளைப் பொடியும் என் பொடியும்

ஆடி 9, திங்கள். விடாத மழை.

மகன் மணியின் கடிதம் இன்றும் இல்லை. துபாய் போய் எட்டு மாதம். மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. கடிதம் வரும்வரை மீன் தொடமாட்டேன் என்று என் மனைவி தங்கம்மை நேர்ந்திருக்கிறாள். எனக்கு மட்டும் சாளை பொரித்துத் தருகிறாள். அவளுக்கு மீனில்லாமல் சோறு இறங்காது. நாலு உருண்டையோடு கை கழுவினாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

பக்கத்துச் செல்லம்மை வேலிக்கு அப்புறம் நின்று ஒரு டப்பாவை ஆட்டினாள். அவள் மகன் கல்ஃபிலிருந்து கொடுத்துவிட்ட வெள்ளைப் பொடி.

"ஒரு நுள்ளு போட்டா வெறும் பயறும் மீன்கறி கணக்கா இருக்கும், அண்ணா. தங்கம்மையக்கா தின்னலாம். இதில மீனும் இல்ல, எறச்சியும் இல்ல."

முன்பு என்னை ஏமானே, எஜமானே என்பாள். என் நிலத்தில் குடிசை போட்டிருந்த அவள் குடும்பத்துக்குச் சட்டப்படி பத்து சென்ட் போன நாள் முதல் நான் அண்ணன். வேண்டாம் என்றேன். மண்ணைச் சட்டம் எடுத்தது. என் வீட்டுக் கறியை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆடி 11, புதன். மழை.

வெயில் இல்லை. மீன் ருசி தரும் பொடிக்காகக் காளானை அடுப்புக்கு மேல் பரணில் உலர்த்தினேன். கருக வறுத்த தேங்காய், உளுந்து, வெந்தயம், கறிவேப்பிலை. செல்லம்மை வேலிவழி பார்த்து நிற்க, அம்மியில் நானே பொடித்தேன்.

"புகை மணக்குது" என்றாள் தங்கம்மை.

குடம்புளி சேர்த்து மறுபடி.

"இப்ப புளிச்ச புகை."

ஆடி 12, வியாழன்.

தீயல் குழம்பில் இரண்டு கரண்டி பொடி. தங்கம்மை சட்டியை வழித்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள். எத்தனை நாளுக்குப் பிறகு.

"என்னத்தப் போட்டிய?"

"காளான்."

காளானோடு ஒரு பிடி வறுத்த கூனி இறால். அவள் குளத்துக்குப் போன நேரம் காஞ்சிரங்குளத்து மீன்காரியிடம் வாங்கியது. இறால் மீனில்லை என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை.

ஆடி 13, வெள்ளி. தூறல்.

தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். தங்கம்மை சொன்னாள்: "நேத்து வயிறு நெறஞ்சு உறங்கினேன். நேர்ச்ச பலிக்கும் போல. இன்னைக்கும் அந்தப் பொடியப் போடுங்க."

கை வரவில்லை. பொடியைத் தென்னை மூட்டில் கொட்டி மண் மூடினேன். வேலிக்குப் போனேன்.

"செல்லம்மை, அந்த வெள்ளைப் பொடி கொஞ்சம்."

"அண்ணனுக்க பொடி என்னாச்சு?"

"நமத்துப் போச்சு."

சிரிப்பாள் என்று நின்றேன். சிரிக்கவில்லை. டப்பாவோடு தந்தாள். தோற்றேன் என்று எழுதமாட்டேன்.

மத்தியானம். தங்கம்மை ஒரு வாய் வைத்தாள்.

"நேத்தையது இதில்ல."

"அதேதான்."

என் முகத்தைப் பார்த்தாள். "நேத்தையதில எறால் உண்டா?"

நாற்பது வருடத்தில் அவள் முன் தலை குனிந்ததில்லை. "உண்டு."

அழுவாள் என்று நினைத்தேன். வெள்ளைப் பொடி போட்ட சோற்றை முழுதும் தின்று கை கழுவி வந்தாள்.

"இன்னையிலேருந்து புதுசா நேரணும். நீங்களும் சேத்து."

நாலு மணிக்கு மீன்காரி கூவிக்கொண்டு போனாள். நான் எழுந்திருக்கவில்லை.