மூன்றாவது திரள்

செவ்வாய்க் கோள், நாள் 301, காலை
மேட்டு நிலையம், மரபணு ஆய்வுக்கூடம். பணியில் வடிவுக்கரசி மட்டும்.

சூரியப் புயல் இன்று மாலை வந்து சேரும். பள்ளத்தாக்குக் குடியிருப்பில் எல்லோருக்கும் கதிர்வீச்சுத் தடுப்பு ஊசி போடப்போகிறார்கள். ஒரே ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அது நஞ்சு, மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. அப்படிப்பட்டவர் எவரும் இல்லை என்று மென்பொருள் முடிவு சொல்லிவிட்டது. படத்தைக் கண்ணால் சரிபார்ப்பது என் வேலை.

முற்பகல்
திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒரே வகையினர் ஒரே திரளாக நிற்பார்கள். மென்பொருள் இரண்டு திரள்களுக்கு இரண்டு நிறம் பூசியிருக்கிறது. பெரிதாக்கினேன். இரண்டாவது திரளின் ஓரத்தில் ஓர் இடைவெளி. அதற்கு அப்பால் ஒன்பது புள்ளிகள்.

அது தனித் திரள், ஊசி நஞ்சாகும் அந்த வகை. மென்பொருள் பக்கத்துத் திரளின் நிறத்தையே அதற்கும் பூசிவிட்டது.

மறுபடி ஓட்டினேன். அதே படம்.

பகல் 12:25
குடியிருப்பின் ஒரே மருத்துவர், டாக்டர் ஜெசிந்தா, லைனில் கிடைத்தார்.

"ஊசிய நிறுத்துங்க டாக்டர். ஒன்பது பேருக்கு ஆகாது."

"நிறுத்த முடியாது வடிவு. இப்ப போட்டாத்தான் சாயங்காலத்துக்குள்ள பிடிக்கும். பேரைச் சொல்லு, அவங்கள நிலவறையில வச்சிடறேன். நல்லவேளை, இன்னும் யாருக்கும் போடல. சனங்க பயந்தாங்கன்னு முதல் ஊசிய நான் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

பகல் 12:40
புள்ளிகளின் எண்களை வைத்துப் பெயர்களை எடுத்துவிட்டேன். எழுத்துச் செய்தி போகவில்லை. இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். ஆறாவது பெயரை எண்ணோடு மறுபடி ஒத்துப் பார்த்தேன்.

"என்ன வடிவு? சீக்கிரம் சொல்லு."

"ஜெசிந்தா பர்னாந்து."

தன் பெயரையும் அவர் திருப்பிச் சொன்னார்.

"சரி. அடுத்தது?"

"டாக்டர், நீங்க..."

"அடுத்தது யாரு வடிவு?"

பகல் 1:05
எட்டாவது பெயரில் அவர் நாக்கு குழறியது. ஒன்பதாவதைத் திருப்பிச் சொன்னவர் நர்ஸ் மாடசாமி.

"டாக்டருக்கு மூச்சு வாங்குது மேடம். மத்தவங்களுக்குப் போடச் சொல்லிக் கையக் காட்டுறாங்க. போடட்டுமா?"

போடச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாலை
புயல் தொட்டுவிட்டது. விளக்குகள் மங்குகின்றன. லைன் ஒரு தரம் உயிர்பெற்றது.

"எல்லாருக்கும் போட்டாச்சு மேடம். எட்டுப் பேரும் நிலவறையில இருக்காங்க. டாக்டர் போயிட்டாங்க. பேச்சு நிக்கறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அது என்னன்னா..."

மாடசாமி, கேக்கல. திருப்பிச் சொல்லுங்க.

மாடசாமி.

என்ன சொன்னாங்க