படுக்கையறைக்குக் கெட்டித் திரை மாட்டின கதை

நீகாதா, ஜப்பான்,
அக்டோபர் 12

சினாட்சு கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் குளிர்ல சளி கிளி இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு ஒரு குறையும் இல்ல, முழங்கால் மட்டும் மழை வர்றதுக்கு முன்னாடியே தகவல் சொல்லிடுது. தனியா இருந்து உனக்கு ஏதாவது ஆனா யாருக்கும்மா தெரியும், எங்ககூடவே வந்து இரு, அடுத்த மாசம் டிக்கெட் போடறேன்னு போன்ல அழுதியே, அதுக்குப் பதில் இதுலதான் இருக்கு. முழுசாப் படிச்சிட்டுக் கூப்பிடு, பாதியில கூப்பிட்டுக் கத்தாதே.

புது வீட்டுக்குத் திரை மாட்டியாச்சு. தனியா இருக்கிற பொம்பளை, ரோஸ் கலர் கூடாது, பூப்போட்டது கூடாது, பார்த்தா ஆம்பளை இருக்கிற வீடா தெரியணும், பால்கனியில அப்பா சட்டையைத் தொங்கவிடுன்னு நீ போட்ட உத்தரவு எல்லாம் ஞாபகம் இருக்கு. சட்டையைத் தொங்கவிட்டேன், அது காத்துல ஆடினதைப் பார்த்து அழுகை வந்திடுச்சு, பத்து நிமிஷத்துல உள்ளே எடுத்துட்டேன். கடையில அந்தப் பொண்ணு, திரைக்கம்பிக் கொக்கியில இருந்து கீழ்விளிம்பு வரைக்கும் அளந்தீங்களாம்மான்னு கேட்டா, நான் அளந்துட்டுப் போனது கண்ணாடியை, ஆனா ஆமான்னு அடிச்சு விட்டேன். இத்தனை வருஷமா உங்கப்பா அளப்பார், நான் நாற்காலியைப் பிடிப்பேன், அவ்வளவுதானே என் படிப்பு! இப்ப சமையலறைத் திரை அரை டிராயர் போட்டுக்கிட்டு நிக்குது. அப்பா படம் இருக்கிற பாய் விரிச்ச அறைக்கு மெல்லிசு வெள்ளை, அதுகூட இல்லாம வெயில் பட்டுப் படத்துல முகம் வெளுத்துட்டா மனுஷன் கோவிச்சுக்குவார். கூடத்துக்கு ஆரஞ்சு. ஆமாண்டி, ஆரஞ்சுதான், சாம்பல் கலரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு, அது பின்பக்கம், யாருக்கும் தெரியாது. தெருப்பக்கம் இருக்கிற படுக்கையறைக்கு மட்டும் உன் பேச்சைக் கேட்டு, வெளிச்சமே புகாத கெட்டிக் கருநீலம் வாங்கினேன்.

அதுலதான் வந்தது வம்பு. மூணு வாரமா அந்த ஜன்னல்ல ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, காலையில ஆறரைக்கு விலக்கிக்கிட்டு இருந்தேனா, திரை மாட்டின மறுநாள் விடிஞ்சதே தெரியாம தூங்கிட்டேன். கதவை யாரோ இடிச்ச இடியில எழுந்து பார்த்தா மணி எட்டு. வாசல்ல நம்ம கட்டட மேனேஜர் மாத்துச்சாவியோட நிக்கிறார், பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா, மாடியேறி மூச்சு வாங்குது, கையில பாதி நறுக்கின முள்ளங்கி. என்னைப் பார்த்ததும், உசிரோடதான் இருக்கீங்களான்னு கேட்டாங்க. தலைவிரி கோலமா நின்னுக்கிட்டு, ஆமாங்க, தூங்கிட்டேங்கன்னு சொன்னேன். அப்படியே படியில உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. பேரு குசுனோகி, எதிர்க் கட்டடம், எழுபத்தொரு வயசு. நான் குடிவந்த நாள்ல இருந்து என் ஜன்னல் திறக்கிறதைத் தினமும் அவங்க சமையலறையில இருந்து பார்த்திருக்காங்க. போன குளிர்காலத்துல எங்க மேல்மாடியில தனியா இருந்த ஒரு அம்மாவோட திரை மூணு நாள் திறக்கவே இல்லையாம், உள்ளே செத்துக் கிடந்திருக்காங்க, ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேனே, சும்மா இருந்துட்டேனேன்னு அதையே சொல்லிச் சொல்லி அழறாங்க. நானும் சேர்ந்து அழுதேன். மேனேஜர் பாவம், எங்கே பார்க்கிறதுன்னு தெரியாம சாவியைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

டீ குடிச்சிட்டுக் கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டாங்க, எனக்கு யாரும் இல்ல, என் ஜன்னலையும் நீங்க பார்த்துக்குவீங்களான்னு. இப்ப தினமும் கண்ணு முழிச்சதும் எனக்கு அதுதான் முதல் வேலை, நான் திரையை விலக்கினா அவங்க உள்ளே இருந்து கையை ஆட்டுவாங்க. அதனால டிக்கெட் போடாதேடி தங்கம். உன் மேல எனக்கு உசிரு, அது உனக்கே தெரியும், ஆனா நான் அங்க வந்துட்டா இந்த அம்மா ஜன்னலை யாரு பார்ப்பா?

உன் நம்பரை அவங்ககிட்ட குடுத்திருக்கேன், தெரியாத நம்பர்னு வெட்டிடாதே. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும், அது ஒண்ணுதான் என் வேண்டுதல். நீ தூங்கி எழுந்து திரையை விலக்கறதை அங்க யாராவது பார்க்கிறாங்களா கண்ணு? மறக்காம அதை எனக்கு எழுது.

உன் அம்மா,
ஃபுமியே