மூடுபனியில் விளக்கில்லாத வேன்

என் மகளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

நேற்று காலை மூடுபனிக்குள் ரொட்டி வேனை ஓட்டிப் போனேன். சாலை, மரம், வானம் எல்லாம் வெளுத்துப்போய், கனவுக்குள் மிதப்பதுபோல் இருந்தது. திடீரென்று எதிரே ஒரு பேருந்து முளைத்து, கையெட்டும் தூரத்தில் நின்றது. ஓட்டுநர் நம் மொழிக்காரர்.

"லைட்டைப் போடக் கூடாதா தம்பி?"

"எனக்கு ரோடு நல்லாத் தெரியுதேண்ணே."

"நீ எங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. அவரே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

என் பழைய கம்பளிக் குல்லாயை அனுப்பு. வீடியோவில் பேசும்போது நீ இருட்டு அடுப்படியில் நிற்கிறாய். கேட்டால், "உங்க முகம் எனக்கு நல்லாத் தெரியுதே" என்கிறாய்.

வேனில் ரொட்டி ஏற்றியாகிவிட்டது, கிளம்புகிறேன். அடுத்த முறை நான் கூப்பிடும்போது, லைட்டைப் போட்டுவிட்டுப் போனை எடு.