மைக்கில் சொன்ன சாட்சி

போத்தனூர்
3-7-1995

என் செல்ல மகள் பியூலாவுக்கு, கர்த்தருடைய கிருபை உங்கள் இருவரோடும் இருப்பதாக.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் முதல் வேலையாக உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டியதுதான். இருந்தாலும், "இவர் குடியை விட்டுவிட்டார் அம்மா" என்ற வரியை என் கண்ணால் பார்க்க வேண்டாமா? நாலு வருடம் அழுது ஜெபித்தது வீண் போகவில்லை, கண்ணு.

நேற்று ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் பாஸ்டர் மைக்கை நீட்டினார். "உடுமலைப்பேட்டையில் இருக்கிற என் மருமகனை ஆண்டவர் குடியிலிருந்து விடுவித்தார்" என்றேன். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. புதிதாக வருகிற சென்னியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "எம்புருஷனுக்கும் ஜெபம் பண்ணுங்கக்கா" என்று அழுதாள். பாவம், அவள் வீட்டுக்காரரும் குடிதான். இனி வாராவாரம் இந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டுமாம்.

நீதான் மாதம் ஒரு கடிதம்கூடப் போடுவதில்லை. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புள்ள அம்மா,
சாராள்


உடுமலைப்பேட்டை
16-8-1995

அன்புள்ள அம்மாவுக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காமல் விடுங்கள். இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

அவர் குடியை விடவில்லை. ஒரு நாள்கூட விடவில்லை. ஆபரேஷனுக்கு நீங்கள் நிம்மதியாகப் போக வேண்டுமே என்றுதான் அப்படி எழுதினேன். அதை மைக்கில் சொல்வீர்கள் என்று நினைக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன் அம்மா. முந்தின நாள் அவர் அடித்ததில் இடது காது சரியாகக் கேட்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, பையோடு நேரே சபைக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் குரல் கேட்டது. "என் மகள் இப்போது மகாராணி மாதிரி இருக்கிறாள்" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். வீங்கின முகத்தோடு எப்படி உள்ளே வருவேன்? உங்களைப் பொய்க்காரியாக்க மனசு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நான் அங்கேயே வந்துவிடட்டுமா? 'வா' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பியூலா


போத்தனூர்
21-8-1995

மகளே,

உன் கடிதத்தைப் படித்தேன். காதை உடனே டாக்டரிடம் காட்டு.

வா என்று எழுத எத்தனை தடவை பேனாவை எடுத்தேன்! செப்டம்பரில் நம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். நான் சாட்சி சொல்வதாக நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டார்கள். சென்னியம்மாள் அந்தச் சாட்சியை நம்பி உபவாசம் இருக்கிறாள். இப்போது நீ வந்து நின்றால் ஆண்டவருடைய பெயர் கெட்டுப்போகும். கூட்டம் முடியட்டும். அதுவரை பொறுத்துக்கொள், கண்ணு. அதற்குள் அவரை ஆண்டவர் நிஜமாகவே மாற்றிவிட மாட்டாரா?

அம்மா


உடுமலைப்பேட்டை
3-10-1995

பியூலா கண்ணு,

உன் பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாளிடம் தாள் வாங்கி இதை எழுதுகிறேன். உன்னைக் கூட்டிப்போக வந்தேன். "பத்து நாளாச்சுங்க, பையத் தூக்கிட்டுப் போயிருச்சு. அம்மா ஊட்டுக்கா அம்மணின்னு கேட்டேனுங்க. அங்க எடமில்லீங்கன்னு சொல்லுச்சு" என்கிறாள். அந்த மனுஷனைக் கேட்கலாம் என்றால், பட்டப்பகலில் வாசப்படியில் விழுந்து கிடக்கிறார்.

மறைக்க மாட்டேன். கூட்டத்திலும் அதே சாட்சியைச் சொன்னேன். அதன்பிறகு உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. போன வாரம் சென்னியம்மாள் உதடு கிழிந்து வந்து நின்றாள். "உங்க மருமகனுக்கு நடந்தது எம்புருஷனுக்கு நடக்கலீங்களேக்கா. எனக்கு விசுவாசம் பத்தலீங்களா?" என்று கேட்டாள்.

முந்தாநாள் ஆராதனையில் எழுந்தேன். "நான் சொன்ன சாட்சி பொய். என் மகள் அடிபட்டு இந்த வாசல் வரைக்கும் வந்தாள். என் குரலைக் கேட்டுத் திரும்பிப் போனாள். அது தெரிந்த பிறகும் நான் அவளை வா என்று சொல்லவில்லை" என்றேன். ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டை ஆரம்பித்தார். சென்னியம்மாள் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எங்கே இருக்கிறாய், கண்ணு? காது கேட்கிறதா? இந்தக் கடிதம் சுப்பாத்தாளிடம் இருக்கும். நீ கேட்ட ஒரு வரி இதுதான்: வா.

வீட்டுக் கதவைத் தாழ் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சபைக்கு வா. மைக் சத்தம் கேட்டால் திரும்பிப் போய்விடாதே. பேசுவது நானாக இருக்காது. நான் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா